கிளை பிரியும் இடத்தில் அடைப்பு: மாரடைப்பின்போது ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் முறை – முழுமையான வழிகாட்டி

நேராகப் போகும் இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் வேலை ஓரளவு தெளிவு. மெல்லிய வயரைக் கடத்தி, பலூனால் வழி உண்டாக்கி, ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயை வைத்து முடிக்கலாம். அதே அடைப்பு இரண்டு குழாய்கள் பிரியும் கவட்டையில் இருந்தால் கதை மாறிவிடுகிறது. பெரிய குழாயைத் திறக்கும்போதே பக்கத்துக் கிளை மூடிக்கொள்ளலாம். கிளையைக் காப்பாற்றப் போய் பெரிய குழாயின் ஸ்டென்ட் கோணலாகலாம். இதெல்லாம் நோயாளி நெஞ்சுவலியில் வியர்த்துக் கிடக்கும்போது, நிமிடத்துக்கு நிமிடம் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும்போது முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள்.

இந்த வழிகாட்டி இரண்டு தரப்புக்கு. ஒன்று, ஆஞ்சியோபிளாஸ்டி நடக்கும் அறையான கேத் லேப் வாசலில் காத்திருந்து, உள்ளே என்ன நடந்தது என்று பிறகு புரிந்துகொள்ள விரும்பும் குடும்பத்தினர். இன்னொன்று, இந்தத் துறைக்குள் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், கேத் லேப் டெக்னீஷியன்கள். படித்துவிட்டுச் செய்து பார்க்கும் வேலை இல்லை இது. ஒவ்வொரு படியிலும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று விளக்குவதே நோக்கம். நான் அழுத்திச் சொல்ல வருவது ஒன்றுதான்: மாரடைப்பு நேரத்தில் பெரும்பாலானவருக்கு ஒரே ஸ்டென்ட், சரியான அளவில் சரியாக விரித்து வைத்தால், அதுவே முழு சிகிச்சை. இரண்டாவது ஸ்டென்ட் கிளை கேட்டால் மட்டும்.

அடைப்பு ஏன் அங்கேயே சேர்கிறது?

ரத்தம் ஒரே சீராக ஓடும் இடங்களில் குழாயின் உட்சுவர் ஆரோக்கியமாக இருக்கும். கிளை பிரியும் இடத்தில் ஓட்டம் இரண்டாகப் பிளக்கிறது. கவட்டையின் முனையில் ரத்தம் வேகமாக மோதுகிறது. அதற்கு எதிர்ப்பக்கச் சுவர்களில் ஓட்டம் மந்தமாகிச் சுழல்கிறது. அந்த மந்தமான பக்கத்தில்தான் கொழுப்புப் படிவு அதிகம். கவட்டை முனை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். இது பின்னால் மிகவும் உதவப்போகிற தகவல்.

ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்படும் அடைப்புகளில் சுமார் 15 முதல் 20 சதவீதம் கிளை பிரியும் இடத்தைத் தொட்டே இருக்கின்றன. அதிகம் பார்ப்பது, இதயத்தின் முன்சுவருக்குப் போகும் எல்.ஏ.டி. குழாயிலிருந்து டயகோனல் கிளை பிரியும் இடம். அடுத்து சர்கம்ஃப்ளெக்ஸ் குழாயும் அதன் மார்ஜினல் கிளையும். பிறகு வலது குழாயின் கடைசிப் பிரிவு. எல்லாவற்றையும் விட ஆபத்தானது லெஃப்ட் மெயின் எனப்படும் இடது தாய்க்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்.

இங்கே ஓர் அளவுக் கணக்கு முக்கியம். பிரிவதற்கு முன் குழாய் பெரிது, பிரிந்தபின் இரண்டும் சிறிது. ஃபினே என்ற பிரெஞ்சு மருத்துவரின் குழு தந்த எளிய சூத்திரம் உண்டு: கீழே உள்ள இரண்டு குழாய்களின் விட்டத்தைக் கூட்டி 0.678 ஆல் பெருக்கினால் மேல்குழாயின் விட்டம் வரும். கீழ்க்குழாய் 3 மி.மீ., கிளை 2.5 மி.மீ. என்றால் மேலே சுமார் 3.7 மி.மீ. ஒரே ஸ்டென்ட் இந்த இரண்டு அளவுகளுக்கும் பொருந்த வேண்டும். இந்தத் துறையில் பாதி நுட்பங்கள் இந்த ஒரு சிக்கலைத் தீர்க்கப் பிறந்தவை.

கேத் லேபுக்கு வருவதற்கு முன்

தொழில்நுட்பத்தைப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தியாவின் 'கிரியேட்' பதிவேட்டில், 20,468 நோயாளிகளின் தகவலை வைத்து 2008-இல் வெளியான முடிவுகளின்படி, ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. உயர்வு காட்டும் பெரிய மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவமனையை அடைய எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 5 மணி நேரம். வலி தொடங்கி முதல் சில மணி நேரத்துக்குள் குழாய் திறந்தால்தான் பெரும்பகுதித் தசை பிழைக்கும். வாயு என்று நினைத்து சோடா குடித்துக் காத்திருந்த நேரத்தை எந்த ஸ்டென்ட்டாலும் திருப்பித் தர முடியாது. 108-ஐ அழையுங்கள், தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முதல் ஈ.சி.ஜி. எடுத்து நோய் உறுதியானதும் இரண்டு வழிகள். 120 நிமிடத்துக்குள் கேத் லேபில் வயரைக் கடத்த முடியும் என்றால் நேராக ஆஞ்சியோபிளாஸ்டி. முடியாது என்றால், தடை இல்லாதவர்களுக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, முடிந்தால் டெனெக்டெப்ளேஸை, 10 நிமிடத்துக்குள் தொடங்கிவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். ஊசி பலன் தந்தால் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ, அதாவது குழாய்க்குள் சாயம் செலுத்திப் படம் எடுப்பது. பலன் தரவில்லை என்றால் உடனே.

இந்த இரண்டாவது வழியை இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலேயே நடந்த டி.என்.-ஸ்டெமி ஆய்வில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய கேத் லேப்களோடு இணைத்து இப்படித்தான் செய்தார்கள். 2,420 நோயாளிகள். ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கிடைக்கிறது. பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தைத் தாண்டி நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை.

கேத் லேப் மேசைக்கு வரும்போது ரத்த உறைவைத் தடுக்கும் ஆஸ்பிரினும், அதோடு டிகாக்ரெலார் அல்லது பிராசுக்ரெல் அல்லது குளோபிடோக்ரெலும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். எது என்பது வயது, எடை, முன்பு பக்கவாதம் வந்திருக்கிறதா, கரைக்கும் ஊசி போட்டாயிற்றா என்பதைப் பொறுத்தது. பக்கவாதம் வந்தவருக்கு பிராசுக்ரெல் கூடாது. கரைக்கும் ஊசி போட்டவருக்கு முதலில் குளோபிடோக்ரெல்தான்.

படி 1: படத்தைப் படிப்பது

ஆஞ்சியோ படம் வந்ததும் கை பரபரக்கும். அரை நிமிடம் நின்று பார்ப்பது நல்லது.

முதல் கேள்வி: எந்தக் குழாய் இந்த மாரடைப்புக்குக் காரணம்? ஈ.சி.ஜி. துப்புத் தரும். டயகோனல் கிளை மட்டும் மூடியிருந்தால் ஈ.சி.ஜி.யின் 1, ஏ.வி.எல்., வி2 என்ற லீடுகளில் (பதிவுக் கோடுகளில்) எஸ்.டி. உயரும், எல்.ஏ.டி.யே மூடியிருந்தால் மார்பு லீடுகள் வரிசையாக உயரும்.

இரண்டாவது: அடைப்பு கவட்டையின் எந்தக் கையில்? மெடினா வகைப்பாடு என்ற எளிய முறை 2006 முதல் பழக்கத்தில் இருக்கிறது. மூன்று எண்கள்: மேல்குழாய், கீழ்க்குழாய், கிளை என்ற வரிசையில், 50 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தால் 1, இல்லையென்றால் 0. மூன்றிலும் அடைப்பு என்றால் 1,1,1. மேலும் கீழும் அடைத்து, கிளைவாய் சுத்தம் என்றால் 1,1,0. இதில் 1,1,1, 1,0,1, 0,1,1 ஆகியவற்றை உண்மையான கிளை அடைப்பு என்கிறோம். மாரடைப்பில் ஒரு தொல்லை: குழாய் முழுதும் மூடியிருக்கும்போது இந்த எண்களைச் சொல்லவே முடியாது. ஓட்டம் திரும்பிய பிறகுதான் கிளையின் உண்மை நிலை தெரியும். கிளைவாயில் நிற்பது கொழுப்பா வெறும் ரத்தக்கட்டியா என்பதும் அப்போதுதான். அதனால் முதல் படத்தை வைத்து 'இரண்டு ஸ்டென்ட்' என்று முடிவு கட்டக்கூடாது.

மூன்றாவது, மிக முக்கியமானது: இந்தக் கிளை எவ்வளவு பெரியது? ஐரோப்பிய கிளைக்குழாய் மருத்துவர் சங்கம், அதாவது யூரோப்பியன் பைஃபர்கேஷன் கிளப், 2004-இல் தொடங்கப்பட்டது. அவர்கள் தரும் வரையறை எனக்குப் பிடித்தது: இந்த நோயாளியைப் பொறுத்தவரை இழக்க மனம் வராத கிளைதான் முக்கியமான கிளை. விட்டம், நீளம், அது ஊட்டும் தசையின் பரப்பு, ஏற்கெனவே அந்தத் தசை தழும்பாகிவிட்டதா எல்லாம் இதில் அடங்கும். 1.5 மி.மீ. கிளைக்காக அரை மணி நேரம் போராடுவது நோயாளிக்குச் செய்யும் நல்லதல்ல.

படி 2: வழியும் கருவியும்

மணிக்கட்டு ரேடியல் தமனி வழிதான் முதல் தேர்வு. ரத்தக்கசிவு குறைவு, மாரடைப்பு நோயாளிகளில் உயிர்ப்பலனும் காட்டிய வழி. தொடை வழியை ரேடியல் கிடைக்காதபோதும், இதயத்துக்கு உதவும் பம்ப் போன்ற துணைக்கருவி தேவைப்படும்போதும் வைத்துக்கொள்ளலாம். சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள 6 ஃப்ரெஞ்ச் கைடு கதீட்டர், அதாவது கருவிகளை உள்ளே கொண்டுசெல்லும் குழல், இங்கே பெரும்பாலான வேலைக்குப் போதும். அதற்குள்ளே இரண்டு பலூன்களைச் சேர்த்து அனுப்ப முடியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், உடல் எடையில் கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட். கரைக்கும் ஊசி போட்டு வந்தவருக்கு ஏற்கெனவே என்ன கொடுத்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான்.

படி 3: இரண்டு வயர்

கிளை முக்கியமானது என்று முடிவானால் இரண்டு குழாய்களிலும் வயர் போட வேண்டும். கடினமான குழாயில் முதலில். இரண்டாவது வயரை அனுப்பும்போது அதிகம் சுழற்றினால் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். பிறகு பலூன் நகராது. வெளியே மேசையில் எந்த வயர் எது என்று குழம்பாமல் இருக்க, கிளை வயரின் மேல் சிறிய துணியைப் போட்டு வைப்பது டெக்னீஷியன்களின் பழைய பழக்கம். அவசரத்தில் தவறான வயரை இழுத்துவிடாமல் காப்பது இந்தத் துணிதான்.

மாரடைப்பில் எல்.ஏ.டி. முழுதும் மூடியிருந்தால், வயர் டயகோனலுக்குள் நழுவிவிட்டு, பெரிய குழாயில் போனதாகத் தோன்றும். ஓட்டம் வந்தபின் இரண்டு கோணங்களில் படம் எடுத்து உறுதி செய்யாமல் பலூனை ஊதக்கூடாது.

படி 4: ஓட்டத்தை மீட்பது

வயர் கடந்ததுமே சில சமயம் ஓட்டம் வந்துவிடும். இல்லையென்றால் சிறிய பலூனால் மெதுவாக. ரத்தக்கட்டியை உறிஞ்சும் கதீட்டர் ஒருகாலத்தில் எல்லோருக்கும் போடப்பட்டது. 10,732 பேரில் நடந்த 'டோட்டல்' ஆய்வு 2015-இல் வெளியானபோது, வழக்கமாக உறிஞ்சுவதால் பலன் இல்லை என்றும், முதல் 30 நாளில் பக்கவாதம் 0.3 சதவீதத்திலிருந்து 0.7 ஆகக் கூடியது என்றும் தெரிந்தது. இப்போது பெரிய கட்டி பிடிவாதமாக நின்றால் மட்டும் உறிஞ்சுகிறோம்.

கிளைக்கும் பலூன் போடலாமா? ரத்தம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் வேண்டாம். கிளைவாயில் பலூன் ஊதினால் சுவர் கிழியலாம்; அப்புறம் விரும்பாமலே இரண்டாவது ஸ்டென்ட்டில் போய் முடியும். கிளைவாய் மிக நெருங்கியிருந்தாலோ, சுண்ணாம்புப் படிவு இருந்தாலோ, ஓட்டமே இல்லையென்றாலோ மட்டும் சிறிய பலூன்.

படி 5: பெரிய குழாயில் ஸ்டென்ட்

இதுதான் 'புரொவிஷனல்' முறை, அதாவது முதலில் ஒரு ஸ்டென்ட், தேவைப்பட்டால்தான் இரண்டாவது. பெரிய குழாயில் கிளைவாயைத் தாண்டிப் போகுமாறு மருந்து பூசிய ஒரு ஸ்டென்ட். கிளை வயர் அதன் இடத்திலேயே, ஸ்டென்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிறைப்பட்டு இருக்கும். அது மூன்று வேலை செய்கிறது: கிளையைத் திறந்து வைக்கிறது, கிளையின் கோணத்தை நமக்குச் சாதகமாக்குகிறது, கிளை மூடிப்போனாலும் எங்கே இருந்தது என்று அடையாளம் காட்டுகிறது.

ஸ்டென்ட்டின் விட்டத்தைக் கீழ்க்குழாயின் அளவுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல்குழாயின் அளவுக்குப் பெரிதாக எடுத்தால், அது கவட்டை முனையைக் கிளைக்குள் தள்ளும். சுத்தமான கிளைவாய்கூட இறுகிவிடும். கிளை மூடுவதற்குப் பல சமயம் காரணம் கொழுப்பு நகர்வதல்ல, இந்த முனை நகர்வதுதான். ஆனால் எடுக்கும் ஸ்டென்ட் மேல்குழாயின் விட்டம்வரை விரியக்கூடிய மாடலாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் தரும் உச்ச விரிவு அட்டவணை கேத் லேப் சுவரில் ஒட்டியிருப்பது நல்லது.

மாரடைப்பில் இன்னொரு பொறி உண்டு. ரத்தம் ஓடாமல் கிடந்த குழாய் சுருங்கியிருக்கும். அப்போது எடுக்கும் அளவு உண்மையைவிடச் சிறிது. ரத்த அழுத்தம் இடம் கொடுத்தால் குழாய்க்குள்ளேயே நைட்ரோகிளிசரின் கொடுத்து, சிறிது பொறுத்து அளக்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தாலோ, இதயத்தின் வலது கீழறையான வலது வென்ட்ரிக்கிள் பாதிக்கப்பட்டிருந்தாலோ நைட்ரோகிளிசரின் கூடாது.

படி 6: மேல்பகுதியைப் பெருக்குவது

கீழ்க்குழாய் அளவில் வைத்த ஸ்டென்ட் மேல்பகுதியில் தளர்வாக, சுவரைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டால் அந்த இடைவெளியில் ரத்தம் உறையும். மாரடைப்பு நோயாளிக்கு ஸ்டென்ட்டில் உறையும் ஆபத்து ஏற்கெனவே அதிகம். எனவே மேல்குழாய் அளவுள்ள குட்டையான, எளிதில் வீங்காத பலூனை வைத்து மேல்பகுதியை மட்டும் பெருக்க வேண்டும். இதுதான் 'பாட்'. பிரான்சின் ஒலிவியே டாரெமோன் சொல்லிக்கொடுத்த இந்த எளிய படி இன்று எல்லாக் கிளை ஸ்டென்ட் முறைகளுக்கும் முதுகெலும்பு.

பலூனை எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன். பலூனின் கீழ் மார்க்கர், அதாவது திரையில் தெரியும் அடையாளப் புள்ளி, கவட்டை முனைக்கு நேராக வர வேண்டும். இரண்டு மி.மீ. கீழே இறங்கினால் முனை கிளைக்குள் தள்ளப்படும். இரண்டு மி.மீ. மேலே போனால் கிளைவாய்க்கு எதிரே உள்ள பகுதி விரியாமல் போகும். இதற்கு இடமிருக்க வேண்டுமென்றால், ஸ்டென்ட் வைக்கும்போதே கவட்டைக்கு மேலே குறைந்தது 8 முதல் 10 மி.மீ. நீளம் விட்டிருக்க வேண்டும். சரியாக முடிந்தால் கிளைவாயின் மேல் உள்ள கம்பிக் கண்ணிகளும் திறந்து கொடுக்கும். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

படி 7: கிளையைப் பார்த்து முடிவெடுப்பது

இப்போது படம் எடுத்துப் பாருங்கள். கிளையில் ஓட்டம் முழுமையாக இருக்கிறது, நோயாளிக்கு வலி குறைகிறது, ஈ.சி.ஜி. இறங்குகிறது என்றால் கையை எடுத்துவிடலாம். கிளைவாய் கொஞ்சம் நெருங்கித் தெரிவதற்காகத் துரத்த வேண்டியதில்லை.

இதற்கு ஆதாரம் உண்டு. தென்கொரியாவின் பான் குவான் கூ குழு 2005-இல், ஸ்டென்ட்டுக்குப் பின் நெருங்கிப்போன கிளைவாய்களில் அழுத்தம் அளக்கும் வயரை வைத்துச் சோதித்தது. கண்ணுக்கு 75 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பாகத் தெரிந்த கிளைகளில் சுமார் 27 சதவீதத்தில் மட்டுமே ரத்தம் உண்மையில் குறைந்திருந்தது. அதற்குக் குறைவாகத் தெரிந்தவற்றில் ஒன்றில்கூட இல்லை. படம் பயமுறுத்தும் அளவுக்கு நிலைமை மோசமில்லை. மாரடைப்பின் சூட்டில் அந்த அழுத்த அளவீட்டை அப்படியே நம்ப முடியாது, நுண்குழாய்கள் அடிபட்டிருக்கும். ஆனால் கண் ஏமாற்றும் என்ற பாடம் பொருந்தும்.

இரண்டு ஸ்டென்ட்டுகளைத் தொடக்கத்திலேயே வைப்பதை, ஒன்றை வைத்துவிட்டுப் பார்ப்பதோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பிரிட்டனின் 'பி.பி.சி. ஒன்' 500 பேரைக் கொண்டது. ஒன்பது மாதத்தில் இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை சேர்ந்து எளிய முறையில் 8 சதவீதம், சிக்கலான முறையில் 15.2. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை கடும் மாரடைப்பின் முதல் மணி நேரங்களில் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. அந்த மணி நேரங்களில் ரத்தம் உறையும் போக்கு இன்னும் அதிகம் என்பதால், எளிய முறைக்கான வாதம் அங்கே வலுக்கவே செய்கிறது என்பது என் கருத்து.

வேலையை நிறுத்தக்கூடாத சூழல்கள்: கிளையில் ஓட்டம் குறைந்திருக்கிறது, வாய் ஒட்டிக்கொண்டதுபோல இருக்கிறது, சுவர் நீளமாகக் கிழிந்திருக்கிறது, வலியும் ஈ.சி.ஜி. மாற்றமும் தொடர்கின்றன.

படி 8: மறுபடி வயர், இரட்டைப் பலூன், மறுபடி பாட்

பெரிய குழாயின் வயரைப் பின்னால் இழுத்து, ஸ்டென்ட்டின் கண்ணி வழியாகக் கிளைக்குள் அனுப்ப வேண்டும். கவட்டை முனைக்கு மிக அருகில் உள்ள கீழ்க் கண்ணி வழியாக. அப்போதுதான் பலூன் ஊதும்போது கம்பிகள் கிளைவாயின் மேல்சுவர்ப் பக்கம் தள்ளப்பட்டு வாய் முழுதாகத் திறக்கும். மேல் கண்ணி வழியாகப் போனால் கம்பிகள் வாயின் குறுக்கே நிற்கும்.

அடுத்து சிறைப்பட்ட வயரை உருவ வேண்டும். இந்த நொடியில் எல்லோரும் வயரின் நுனியையே பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கைடு கதீட்டரை. வயரை இழுக்க இழுக்க எதிர்விசையில் கைடு மெல்லக் குழாய்க்குள் நழுவிப் போகும்; தாய்க்குழாயின் வாயைக் கிழித்துவிடும். ஒரு கையால் கைடைப் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு, சீராக, திரையில் கைடு நுனியைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடி இழுக்க வேண்டும்.

பிறகு இரண்டு குழாய்களிலும் அவற்றின் அளவுக்கேற்ற குட்டைப் பலூன்களை வைத்து ஒரே நேரத்தில் ஊதி, ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். இதை கிஸ்ஸிங் பலூன் என்பார்கள். மேல்குழாயில் இரண்டு பலூன்களும் பக்கம் பக்கமாக இருக்கும் நீளம் குறைவாக இருக்கட்டும். இது ஸ்டென்ட்டின் மேல்பகுதியை நீள்வட்டமாக்கிவிடும் என்பதால் கடைசியாக மறுபடி பாட் செய்து வட்டமாக்க வேண்டும்.

இப்போதெல்லாம் கிளைவாயில் வெறும் பலூனுக்குப் பதில் மருந்து பூசிய பலூன் போடுவது பரவி வருகிறது. உலோகம் சேராமல் மருந்து மட்டும் சேரும் வழி என்பதால் இதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

படி 9: இரண்டாவது ஸ்டென்ட் எப்போது, எப்படி?

கிளை பெரியது, கிழிந்துவிட்டது, பலூனுக்கு மசியவில்லை என்றால் தயங்க வேண்டாம். முதல் ஸ்டென்ட் ஏற்கெனவே இருக்கும் நிலையில் மூன்று வழிகள். கிளை ஏறக்குறையச் செங்குத்தாகப் பிரிந்தால் 'டி' முறை. கோணம் சற்றுக் குறைந்தால், கிளை ஸ்டென்ட் பெரிய குழாய்க்குள் ஓரிரு மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் 'டேப்' முறை. அவசரத்துக்கு இதுதான் வேகமானது. கூர்மையான கோணமும் இரண்டு குழாய்களும் ஏறக்குறைய ஒரே அளவும் என்றால் 'குலோட்': கிளை ஸ்டென்ட்டை முதல் ஸ்டென்ட்டுக்குள்ளிருந்தே கண்ணி வழியாக இறக்கி, மேல்பகுதியில் இரட்டை அடுக்காக்குவது. எதைச் செய்தாலும் முடிவில் இரட்டைப் பலூனும் பாட்டும் கட்டாயம்.

தொடக்கத்திலேயே இரண்டு வைக்க வேண்டிய சிலரும் இருக்கிறார்கள். கிளை அடைப்பு 10 மி.மீ.க்கு மேல் நீளம், 90 சதவீதத்துக்கு மேல் நெருக்கம் என்ற வகையில் சிக்கலானவர்களிடம் நடந்த 'டெஃபினிஷன் 2' ஆய்வில் ஓராண்டில் சிகிச்சை தோல்வி இரண்டு ஸ்டென்ட்டில் 6.1, ஒன்றில் 11.4 சதவீதம். இதற்குச் சிறந்த முறை சீனாவின் நான்ஜிங்கில் ஷாவ்லியாங் சென் குழு வளர்த்த 'டி.கே. கிரஷ்'. முதலில் கிளையில் ஸ்டென்ட், பெரிய குழாய்க்குள் 2–3 மி.மீ. நீட்டியபடி, பெரிய குழாயில் பலூன் ஊதி அந்த நீட்சியைச் சுவரோடு நசுக்குதல், மேல் அல்லது நடுக் கண்ணி வழியாகக் கிளைக்கு வயர், முதல் இரட்டைப் பலூன், பெரிய குழாயில் ஸ்டென்ட், பாட், மறுபடி கிளைக்கு வயர், இரண்டாம் இரட்டைப் பலூன், கடைசி பாட். ஒரு படியைத் தவறவிட்டாலும் ஒரு ஸ்டென்ட்டைவிட மோசமாக முடியும். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு நள்ளிரவில் முதன்முறையாகச் செய்து பார்க்க வேண்டிய முறை இதல்ல.

லெஃப்ட் மெயின் பிரிவில் நிலைமை தனி. டி.கே. கிரஷ்-5 ஆய்வில் (482 பேர்) ஓராண்டுத் தோல்வி டி.கே. கிரஷ்ஷில் 5, ஒரு ஸ்டென்ட் முறையில் 10.7 சதவீதம். ஐரோப்பாவின் 'ஈ.பி.சி. மெயின்' (467 பேர்) அப்படி வேறுபாடு காட்டவில்லை. கிளை அடைப்பு நீளமா குட்டையா, செய்பவரின் கை எதில் பழகியது என்பவைதான் இங்கே தீர்மானிக்கின்றன. லெஃப்ட் மெயின் மாரடைப்பில் நோயாளி ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலையில் இருந்தால், முதல் இலக்கு எல்.ஏ.டி.க்கு ரத்தம். மற்றதெல்லாம் பிறகு.

ஓட்டம் வராமல் போனால்

குழாய் திறந்தும் ரத்தம் நகராமல் நிற்பது மாரடைப்பின் பெரிய கொடுமை. நுண்குழாய்களில் துகள்கள் அடைத்திருக்கும். முதலில் கிழிசலோ, வாயில் தடையோ இல்லை என்று உறுதி செய்துவிட்டு, நுண்கதீட்டர் வழியாக அடினோசின் அல்லது நைட்ரோபுருசைடு; அழுத்தம் குறைந்திருந்தால் அட்ரினலின். இந்த நேரத்தில் மேலும் மேலும் பலூன் ஊதுவது துகள்களைக் கூட்டவே செய்யும்.

குழாய்க்குள் இருந்து பார்க்கும் ஐவஸ், ஓ.சி.டி. படங்கள் இருந்தால் பயன்படுத்துங்கள். சிக்கலான கிளை அடைப்பில் ஓ.சி.டி. வழிகாட்டலை ஆராய்ந்த 'அக்டோபர்' ஆய்வில் 1,201 பேர். இரண்டாண்டில் மோசமான விளைவுகள் 14.1 சதவீதத்திலிருந்து 10.1 ஆகக் குறைந்தன.

கேத் லேப் கதவுக்கு வெளியே

"கிளையை அப்படியே விட்டுட்டீங்களா டாக்டர்? பின்னாடி அப்பாவுக்குப் பிரச்சினை ஆகாதா?" என்று மகளோ மகனோ கேட்பது வழக்கம். கேட்க வேண்டிய கேள்விதான். கிளையில் ரத்தம் நன்றாக ஓடுகிறது என்றால், அதை விட்டதும் சிகிச்சையின் பகுதியே என்று நான் படத்தைப் போட்டுக் காட்டிச் சொல்வேன். செலவுக்காக விட்டோமோ என்ற சந்தேகம் பலருக்கு இருக்கிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு முதன்முறை உச்சவரம்பு நிர்ணயித்தபோது மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு 29,600 ரூபாய். அதன்பின் திருத்தங்கள் வந்திருக்கின்றன. இரண்டு ஸ்டென்ட் என்றால் பலூன், வயர் எல்லாம் சேர்ந்து பில் ஏறும் என்பது உண்மை. ஆனால் ஒரு ஸ்டென்ட்டைப் பரிந்துரைப்பது மருத்துவக் காரணத்துக்காக. காப்பீடு எவ்வளவு இருந்தாலும் அதே பரிந்துரைதான்.

வேறு குழாய்களிலும் பெரிய அடைப்பு இருந்தால் அவற்றையும் பின்னர் சரிசெய்வது நல்லது. 4,041 பேரில் நடந்த 'கம்ப்ளீட்' ஆய்வில் இதய இறப்பும் புதிய மாரடைப்பும் சேர்ந்து 10.5 சதவீதத்திலிருந்து 7.8 ஆனது. அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு மட்டும், அன்றைக்குக் காரணமான குழாயோடு நிறுத்த வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் சமரசம் வேண்டாம். ஆஸ்பிரினும் இரண்டாவது ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும் வழக்கமாக 12 மாதம். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவருக்கு இதய மருத்துவர் குறைப்பார். டிகாக்ரெலார் சாப்பிடும் சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல இருக்கும். பயந்து நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். பல் பிடுங்க வேண்டும், கண்புரை அறுவை என்று யாராவது நிறுத்தச் சொன்னாலும், ஸ்டென்ட் வைத்தவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. இரண்டு ஸ்டென்ட் வைத்த கவட்டையில் உலோகம் இரட்டை அடுக்கு. முதல் மாதங்களில் ஒரு வாரம் மாத்திரை விட்டால்கூட உயிருக்கு ஆபத்து.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்: எந்தக் குழாய், எந்தக் கிளை, ஸ்டென்ட்டின் பெயர், விட்டம், நீளம், எந்த முறை, பாட்டும் இரட்டைப் பலூனும் செய்யப்பட்டதா, கிளையில் கடைசியாக ஓட்டம் எப்படி இருந்தது, எந்த மாத்திரை எந்தத் தேதிவரை. ஆஞ்சியோ சி.டி.யையும் அதோடு வைத்து, செல்போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் நள்ளிரவில் மறுபடி வலி வந்தால், அங்கே இருக்கும் மருத்துவர் முதலில் தேடுவது இந்தத் தாளைத்தான்.